செகண்ட் ஹேண்ட் 350 வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ப்ளெண்டரையோ பல்சரையோ வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, அடுத்து ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஹிமாலயன், இன்டர்செப்டர், 390 டியூக் தேடுபவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஆனால் நம் ஊரில் விலைக்கு வரும் பெரிய வண்டிகளில் எங்கே பார்த்தாலும் கண்ணில் படுவது கிளாசிக்தான். அதனால் அதையே வைத்துப் பேசுகிறேன்.

இதுவரை பெரிய வண்டி ஓட்டியதே இல்லை. ஓட்டிப் பார்த்தால் நல்ல வண்டியா என்று எனக்குத் தெரியுமா?

தெரியாது. அதனால்தான் விற்பவரைப் பார்க்கப் போகும் முன்பே, அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டியை ஓட்டிவிடுங்கள் என்கிறேன். இங்கே சொல்லியிருப்பதில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, எடை 112 கிலோ. கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ, சக்தி இரண்டரை மடங்கு. அதிலிருந்து இறங்கி இதில் ஏறினால் முதல் பத்து நிமிஷம் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். கிளட்ச் பிளேட் பாதி தேய்ந்திருந்தாலும் உங்கள் பழைய வண்டியைவிட நன்றாகவே இழுக்கும், குறை தெரியாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வண்டியின் இயல்பான அதிர்வையும் சத்தத்தையும் கோளாறு என்று நினைத்து, நல்ல வண்டியை வேண்டாமென்று விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எது இந்த வண்டியின் குணம், எது இதற்கு வந்த வியாதி என்று பிரித்துப் பார்க்க உங்கள் கைக்கும் காதுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்.

இப்போது விற்பனையில் உள்ள மாடல் என்றால் ஷோரூமில் லைசென்ஸைக் காட்டி ஓட்டிப் பார்க்கலாம். நிறுத்தப்பட்ட மாடல் என்றால் தெரிந்தவர்கள் யாராவது கவனமாக வைத்திருக்கும் வண்டியைக் கேளுங்கள். இல்லையென்றால் புதுச்சேரி போன்ற ஊர்களில் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையான வாடகை வண்டி. வாடகை வண்டிகள் பல கைகளில் அடிபடுபவை, பிரேக்கும் கிளட்சும் தேய்ந்திருக்கலாம். இருந்தாலும் ஒரு முழுநாள் ஈசிஆரிலும் ஊருக்குள்ளும் ஓட்டினால், உட்காரும் விதமும் எடையும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

பழைய கிளாசிக், புது கிளாசிக் என்று பிரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

2009 முதல் 2021 வரை வந்தது 346 சிசி இன்ஜின். யூசிஇ என்பார்கள். 2021 செப்டம்பரில் வந்த கிளாசிக்கில் 349 சிசி ஜே சீரிஸ் இன்ஜின். 2020 நவம்பரில் மீட்டியர் 350-ல் முதலில் வந்தது இதுதான். காகிதத்தில் இரண்டுக்கும் சுமார் 20 பிஎச்பி. ஓட்டினால் இரண்டும் வேறு வேறு வண்டிகள். யூசிஇ 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில், கண்ணாடி எல்லாம் அதிரும். நல்ல வண்டியிலும் அப்படித்தான். ஜே சீரிஸில் அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. அதில் அந்த அளவுக்கு அதிர்ந்தால் ஏதோ பிரச்சினை. ஆகவே 2018 வண்டி வாங்கப்போகிறவர் ஷோரூமில் புது வண்டியை மட்டும் ஓட்டிவிட்டுப் போனால் அளவுகோலே தப்பாகிவிடும்.

இன்னொன்று, ஏபிஎஸ். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலில் இருந்து அது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 195 கிலோ வண்டிக்குப் புதிதாக மாறுகிறவருக்கு ஏபிஎஸ் இல்லாத வண்டியை நான் சொல்ல மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

போவதற்கு முன் விற்பவரிடம் போனில் என்ன சொல்ல வேண்டும்?

"நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் சைலன்சரையும் இன்ஜினையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம், இல்லையென்றால் மறுநாள் காலை வரலாம்.

குளிர்ந்த இன்ஜினை செல்ஃபில் போடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யூசிஇ வண்டிகளில் பேட்டரி பலவீனமாக இருந்து அடிக்கடி செல்ஃப் அடித்திருந்தால், செல்ஃப் மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச் போய்விடும். அப்போது செல்ஃப் மோட்டார் சுற்றும், இன்ஜின் சுற்றாது. அல்லது 'டங்' என்று உலோகம் மோதும் சத்தம் வரும். இன்ஜின் பக்கவாட்டுக் கவரைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை அது. "பேட்டரிதான் வீக், கிக்கர்ல அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும்" என்று சொன்னால், பேட்டரியை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது வெறும் ஈரம். நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் வேலை, இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

என் லைசென்ஸ் போதுமா? ஓட்டிப் பார்க்கும்போது விழுந்தால் யார் பொறுப்பு?

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸ் இருந்தால் 350-க்கும் அதுவே. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் செல்லாது.

காப்பீட்டில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு உங்களால் அடிபடும் அடுத்தவருக்கானது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளருக்கானது. இரவல் வாங்கி ஓட்டும் உங்களுக்கு அது கிடையாது. உங்களுக்கென்று தனியாக விபத்துக் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ இருந்தால்தான் உண்டு. ஆகவே ஐஎஸ்ஐ முத்திரை உள்ள உங்கள் சொந்த ஹெல்மெட், ஷூ, கையுறை மூன்றையும் போட்டுக்கொண்டு போங்கள். செருப்புக் காலோடு 195 கிலோ வண்டியில் ஏற வேண்டாம்.

2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது டூவீலர்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 5 வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. எனவே "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் அது மட்டும்தானா, வண்டியின் சேதத்துக்கான பாலிசியும் நடப்பில் உள்ளதா என்று தனியாகக் கேளுங்கள். கீழே போட்டால் என்ன செய்வது என்பதை ஏறும் முன்பே வாய்விட்டுப் பேசிவிடுவது நல்லது. பேசக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். வளைந்த லீவரும் உடைந்த இண்டிகேட்டரும் சில நூறு ரூபாயில் முடியும். டேங்க் நெளிந்தால் முடியாது.

அடமானமாக என்ன கொடுக்கலாம்?

உங்கள் வண்டியையும் சாவியையும் அங்கே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம், அதுவே போதும். லைசென்ஸைக் கொடுக்காதீர்கள், ஓட்டும்போது உங்களிடம் இருக்க வேண்டியது அது. விற்பவர் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றால் முதல் சுற்றுக்கு வேண்டாமென்று சொல்லுங்கள். புது வண்டியில் பில்லியனோடு பழகுவது ஆபத்து. அவர் உங்கள் வண்டியில் பின்னால் வரட்டும்.

எங்கே ஓட்ட வேண்டும்? எவ்வளவு தூரம்?

தெருமுனைவரை போய்த் திரும்புவது ஓட்டிப் பார்த்தது ஆகாது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வர வேண்டும், அதற்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது தேவை. பெட்ரோலுக்குப் பணம் நீங்களே கொடுத்துவிடுங்கள், அப்போது விற்பவருக்கும் முகம் சுளிக்காது.

பலரும் நேராக பைபாஸுக்குப் போய் எவ்வளவு போகிறது என்று முறுக்கிப் பார்க்கிறார்கள். அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நேர்ச்சாலையில் வேகமாகப் போகும்போது கனமான வண்டி எல்லாமே சாதுவாகத்தான் இருக்கும். எடையும் குறையும் தெரிவது மெதுவாகப் போகும்போதுதான்.

முதலில் ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டுங்கள். பாதிக் கிளட்சில், காலை ஊன்றாமல். பிறகு ஒரு யு டர்ன். ஸ்ப்ளெண்டரில் யோசிக்காமல் திரும்பிய இடத்தில் இதில் திரும்ப முடியாது, வட்டம் பெரிது. வண்டி சாயும்போது எடை ஒரு பக்கமாக இறங்கும், அந்த நொடியில் முன் பிரேக்கைப் பிடித்தால் கீழே போய்விடும். பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சை விட்டுப் பிடித்துத் திரும்பப் பழகுங்கள்.

அடுத்து ஒரு ஏற்றம். மேம்பால ஏற்றமே போதும். கோவைக்காரர்களுக்கு மருதமலைச் சாலை இருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துப் பாருங்கள். கிளட்சின் நிலைமை இங்கே தெரியும். அதை உறுதி செய்ய, சமதளத்தில் டாப் கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாகத் திறங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளாசிக்கில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர்.

பிறகு 50 வேகத்தில் ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். கையை எடுக்க வேண்டாம், பிடியை மட்டும் தளர்த்துங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் சேசிஸ், ஃபோர்க், வீல் அலைன்மென்ட் இவற்றில் ஏதோ கோணல். பெரிய அடி வாங்கிய வண்டியாக இருக்கலாம். பின்னால் யாரும் வராதபோது பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முன் பிரேக்கில் ஹேண்டில் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கும். 'டக்' என்று வண்டியின் கழுத்தில் ஒரு தட்டு தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கும்.

கடைசியாக நெரிசல். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். நீங்கள் தினமும் போகும் நேரம், தினமும் போகும் மாதிரி சாலை. மாலை ஆறரை மணிக்குச் சென்னை ஜிஎஸ்டி சாலையில் இருபது நிமிஷம் கிளட்ச் பிடித்து விட்டால், இடது மணிக்கட்டு உங்களிடம் ஒரு தீர்ப்புச் சொல்லும். வண்டி நன்றாக இருந்தும் உங்களுக்குச் சரிப்படாது என்பது இங்கேதான் தெரியவரும். வாங்கிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

கியர் போடுவதில் குழப்பம் வருமா?

ஸ்ப்ளெண்டர் ஓட்டியவர்களுக்கு நிச்சயம் வரும். அதில் நான்கு கியரும் முன்பக்கம் கீழே மிதித்தால் ஏறும். கிளாசிக்கில் ஒன்று மட்டும் கீழே, மற்ற நான்கும் மேலே. பழக்கதோஷத்தில் மேல் கியர் போடுவதாக நினைத்துக் கீழே மிதித்தால் கியர் இறங்கிவிடும், வேகத்தில் பின்சக்கரம் பிடித்துக்கொண்டு இழுக்கும். ஏறி உட்கார்ந்ததும் இன்ஜினை நிறுத்திய நிலையில் காலால் பலமுறை போட்டுப் பாருங்கள். முதல் சில கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கியரையும் மனதுக்குள் எண்ணிப் போடுங்கள்.

எனக்கு உயரம் குறைவு. கால் எட்டுமா?

கிளாசிக்கின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்ற அவசியமில்லை, முன்பாதம் நன்றாக ஊன்றினால் போதும். அதைவிட முக்கியமானது, பார்க்கிங்கில் இருந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளி எடுக்க முடிகிறதா என்பது. இன்ஜினை நிறுத்திவிட்டு, சரிவான இடத்தில் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டும் போட்டுப் பாருங்கள், கையால் தூக்காமல் ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று. வீட்டு வாசலில் உயரமான சரிவுப் பலகை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். உயரமோ எடையோ உண்மையிலேயே சிக்கல் என்றால் ஹண்டர் 350 பாருங்கள், 181 கிலோதான்.

வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

இரண்டாவது முறை போகும்போது கட்டாயம். மனைவியோ அம்மாவோ ஏறி இறங்கச் சிரமமாக இருக்கிறதா, சேலை கார்டு இருக்கிறதா, பின் சீட்டில் இருபது நிமிஷம் உட்கார முடிகிறதா என்று அவர்களே சொல்லட்டும். தினமும் இரண்டு பேர் போகும் வண்டிக்கு அவர்கள் சம்மதம் பாதி.

எந்தச் சத்தம் இயல்பு, எது கோளாறு?

யூசிஇ இன்ஜினில் குளிர்ந்தபோது மேலே 'டிக் டிக்' என்று கேட்டுச் சில நொடிகளில் அடங்கினால் பயமில்லை. அதில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் ஏறியதும் அமைதியாகும். சூடான பிறகும் தொடர்ந்தால் மெக்கானிக் கேட்க வேண்டும். முதல் கியரில் 'கட்' என்று விழுவது இயல்பு. ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவது இயல்பல்ல. ஐடிலில் வண்டி குலுங்குவது இயல்பு. சூடானபின் ஐடிலில் அணைந்து அணைந்து போவது இயல்பல்ல. ஓட்டிவிட்டு நிறுத்தியதும் 'டின் டின்' என்று உலோகம் சுருங்கும் சத்தம் எல்லா வண்டியிலும் வரும். செயின் 'கரகர' என்றால் பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரியும் அளவு விலகினால் செயின் செட் மாற்ற வேண்டும். அது பயப்படும் விஷயமல்ல, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஏபிஎஸ் விளக்கைத் தனியாகக் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிய வேண்டும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓட்டினால் மட்டும் தெரியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சீட்டைக் கழற்றி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் மண் இருக்கிறதா, ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஹெட்லைட் உள்ளே நீர்க்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆயிலைப் பார்க்கும் கண்ணாடி வலது பக்கம் கீழே இருக்கும். ஓட்டி முடித்ததும் ஆயில் பால் விட்ட டீ மாதிரி தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.

மெக்கானிக்கையே ஓட்டிப் பார்க்கச் சொன்னால் போதாதா?

அவர் வண்டியைப் பார்ப்பார், உங்களைப் பார்க்க மாட்டார். இரண்டு பேரும் ஓட்ட வேண்டும். முதலில் நீங்கள், பிறகு அவர். முதலில் அவர் ஓட்டிவிட்டு "சூப்பர் வண்டி சார்" என்று சொல்லிவிட்டால், அதன்பின் உங்களுக்கு எந்தக் குறையும் கண்ணில் படாது. விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம். புல்லட் வேலையே செய்பவராக இருந்தால் நல்லது, ஒரு நாள் கூலியைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

சர்வீஸ் சென்டரில் விசாரிக்கலாமா?

விசாரிக்க வேண்டும். 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான கிளாசிக், புல்லட், மீட்டியர் சிலவற்றை இக்னிஷன் காயிலுக்காகவும், 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை தயாரான சிங்கிள் சேனல் ஏபிஎஸ் (முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்) கிளாசிக்குகளைப் பின் பிரேக் பாகம் ஒன்றுக்காகவும் நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. சேசிஸ் எண்ணைச் சொன்னால் இந்த வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். சர்வீஸ் விவரத்தில் உள்ள கிலோமீட்டர்களை மீட்டரோடு ஒப்பிட்டால், மீட்டரைக் குறைத்து வைத்திருந்தாலும் தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கத் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வேறு வண்டி பாருங்கள். முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான், அதற்குத்தான் உங்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகிறீர்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டியதில்லை.

100 சிசியிலிருந்து நேராக 650-க்குப் போகலாமா?

இன்டர்செப்டர் 650-ஐ ஓட்டிப் பார்த்தவர்கள் மயங்கித்தான் வருவார்கள். 47 பிஎச்பி, ஆறு கியர், மெத்தென்ற இரட்டை சிலிண்டர். அது அடக்கமாகவே தொடங்கும், அதனால் எளிதாகத் தோன்றும். ஆனால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருப்பினாலே நூறைத் தாண்டிவிடும், நிறுத்தும் தூரத்தைப் பற்றிய உங்கள் மனக்கணக்கு 100 சிசியிலேயே நிற்கும். ஒரு 350-ல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டுப் போங்கள் என்பதே என் யோசனை. 150 அல்லது 200 சிசி வண்டியில் நெடுந்தூரம் போய்ப் பழகியவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

விலை பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. புது கிளாசிக்கின் விலை இறங்கிய பிறகும், தான் கொடுத்த பழைய விலையை நினைத்துக்கொண்டே பலர் கேட்கிறார்கள். இன்றைய ஆன் ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்தாறு வயதான டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், இரண்டு டயர் விலையைக் கழியுங்கள். பிஒய் (புதுச்சேரி) அல்லது கேஏ (கர்நாடகா) பதிவு வண்டி மலிவாகத் தெரிந்தால், என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கித் தமிழ்நாட்டுச் சாலை வரி கட்டும் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

ஓட்டினேன், பிடித்துவிட்டது. அன்றே முன்பணம் கொடுக்கலாமா?

ஓர் இரவு போகட்டும். மறுநாள் வேறு நேரத்தில் மறுபடி ஓட்டுங்கள். அதற்குள் எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டு உரிமையாளர் விவரம், காப்பீடு, பதிவு முடியும் தேதி, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது ஆகியவற்றையும், இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம். ஃபைனான்ஸ் இருந்தால் வங்கியின் என்ஓசியும், ஆர்சியில் ஃபைனான்ஸை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் உள்ள சேசிஸ் எண்ணையும், இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பிரீமியம் கொஞ்சம் கூடும்.